மஞ்சள் கண்ணிகள்

இன்ஜினின் முன்மூடியைக் கழற்றிக் கீழே வைத்த ஓட்டுநர், ஸ்பேனர் கையில் இருப்பதையே மறந்து உள்ளே பார்த்தபடி நின்றார். எத்தனையோ வருஷமாக ஓட்டுகிற லாரி. அதன் இருமல், செருமல், மேட்டில் காட்டும் பிடிவாதம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“இங்க வாயேன். வந்து பாரேன்,” என்று ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

லாரி வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. ஜன்னலுக்கு உள்ளே அவர் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். மேலே ஒரு பெரிய பல்சக்கரம், கீழே ஒரு சின்னது, இரண்டையும் வளைத்துப் பிடித்த ஒரு சங்கிலி. சங்கிலி தேய்ந்து தொளதொளவென்று தொங்கியது. போன வாரம் முழுக்க வண்டி கடகடத்தது இதனால்தான்.

“இவ்வளவுதானா?”

“என்ன இவ்வளவுதானாங்கற! கீழ இருக்கறது பிஸ்டனோட ஆளு. மேல இருக்கறது வால்வோட ஆளு. பிஸ்டன் மேல வர்றப்ப வால்வு ஒதுங்கி வழி விடணும். ஓடுற வேகத்துல, ஒரு தடவைகூட மோதிக்காம பாத்துக்கறது இந்தச் சங்கிலிதான். பல்லு மாறி மாட்டிட்டோம்னு வை, உள்ள மோதி எல்லாம் நொறுங்கிடும்.”

“அப்ப நீங்க எதுக்குங்க கை வைக்கிறீங்க?”

நியாயமான கேள்விதான். பட்டறையில் அடுத்த வாரக் கடைசியில்தான் கை ஒழியும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று ஞாயிறு. நாளைக் காலையில் மாவு மில் வாசலில் வண்டி நிற்காவிட்டால், ரொட்டி ஆலைக்கு மாவு ஏற்றும் வேலை வேறு லாரிக்குப் போய்விடும். மில் மேலாளர் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னார், ஆனாலும் சொன்னால் சொன்னதுதான். அந்த ஒரு நிரந்தர லோடை நம்பித்தான் வீடு ஓடுகிறது.

புதுச் சங்கிலியில் இரண்டு கண்ணிகளுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. சக்கரங்களில் ஆளுக்கொரு புள்ளி. மஞ்சள் கண்ணி புள்ளிக்கு நேராக உட்கார வேண்டும், அதுதான் கணக்கு என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினார். சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் புதிதாகப் போட்டார். மேலே மஞ்சளும் புள்ளியும், கீழே மஞ்சளும் புள்ளியும், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன. மனசு குளிர்ந்தது.

சாவி போடுமுன் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கீழ்ச்சக்கரத்து போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்றினார். எங்கேயும் இடிக்கவில்லை. கீழ்ச்சக்கரம் இரண்டு சுற்று போனால் மேல்சக்கரம் ஒரு சுற்று. இரண்டு புள்ளிகளும் சமர்த்தாகப் பழைய இடத்துக்கே வந்து நின்றன. ஆனால் மஞ்சள் கண்ணிகள்? ஒன்று பக்கவாட்டில் எங்கேயோ நின்றது. இன்னொன்று கண்ணிலேயே படவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சங்கிலி வழுக்கிவிட்டது என்று எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து மாட்டினார். மறுபடி சுற்றினார். மறுபடியும் அதே கதை. கோபம் மூக்குக்கு மேல் வந்து ஸ்பேனரை மண்ணில் வீசினார்.

“போச்சு. பேசாம மில்லுக்கு ஃபோன் பண்ணி வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடறேன்.”

 மனைவி உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். “கொஞ்சம் இங்க பாருங்க,” என்றாள் ஜன்னல் வழியாக.

“இப்ப தலையணை உறையா முக்கியம்?”

“உறையைப் பாக்காதீங்க, பெல்ட்டைப் பாருங்க.”

பெல்ட்டில் இரண்டு முனையையும் சேர்த்துக் கம்பி முடிச்சு போட்டிருந்தது. அவள் மிதிக்கட்டையை மெல்ல மிதித்தாள். மேல்சக்கரம் ஒரு சுற்று வந்தபோது முடிச்சு மேலே இல்லை. இன்னொரு சுற்று. அப்போதும் இல்லை.

“சக்கரம் ஒரு அளவு, பெல்ட்டு ஒரு அளவு. ஒரே சுத்துல எப்படிங்க திரும்பி வரும்? முடிச்சு எங்க இருந்தா என்ன, தையல் கோணலாவா போகுது?”

ஓட்டுநருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. “மெஷின் வேற, இன்ஜின் வேற.”

“அப்ப சுத்திப் பாத்துடுங்க டிரைவர் சார். வந்தா சரி. வரலைன்னா ஃபோன் பண்ணுங்க.”

சுற்றினார். தோள் வலித்ததும் அவள் ஸ்பேனரை வாங்கிச் சுற்றினாள். மஞ்சள் கண்ணி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. ஒருமுறை புள்ளியை நெருங்கி வந்து, கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது.  எத்தனை சுற்று என்று இருவருக்குமே நினைவில்லை. பிறகு ஒரு சுற்றின் முடிவில் மேலே ஒரு மஞ்சள் ஊர்ந்து வந்து புள்ளியின்மேல் நின்றது. அதே நொடியில் கீழேயும் நின்றது.

இருவரும் அசையவில்லை.  மேட்டிலும் மழையிலும், அவர் கண்ணயர்ந்து சாலையை விட்டு இறங்கப் பார்த்த அந்த நாளிலும்கூட, இந்த இருட்டுக்குள் இவை பிரிந்து பிரிந்து போய், தவறாமல் வந்து சேர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. இத்தனை நாளும் யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது. அவருக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கை முழுக்கக் கிரீஸ்.

“இன்னொரு தடவை பாத்துடலாமா?” என்று அவள்தான் கேட்டாள்.

பார்த்தார்கள். பிறகுதான் மூடியைப் போட்டார்கள். சாவியை அவளிடம் கொடுத்து, “நீ போடு,” என்றார். இன்ஜின் ஒரு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கடகடப்பு இல்லை.

திங்கட்கிழமை காலை மில் வாசலில் அவருடைய லாரிதான் முதலில் நின்றது. வண்டியிலிருந்து இறங்கிய ஓட்டுநர் முன்பக்கம் போய், உள்ளங்கையை பானட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றார். மேலாளர் வெளியே வந்து பார்த்தார்.

“வந்துட்டீங்களே! சரி, இன்ஜினை நிறுத்துங்க. லோடு ஏத்த நேரமாகும், டீசல் வீணாகுது.”

“தெரியும் சார்,” என்றார் ஓட்டுநர், கையை எடுக்காமல். “இன்னும் ஒரே ஒரு தடவை சேந்துக்கட்டும், நிறுத்திடறேன்.”