பகல் படுக்கை

டெல்ஃபினா மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது எதிரே கட்டில்கள் இறங்கி வந்தன. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் கழற்றிப்போட்ட இரும்புச் சட்டங்கள். அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் மெத்தை சுமந்து வந்த ஒருத்தி மட்டும், "பாவம்டி உங்கண்ணன்" என்று முணுமுணுத்துவிட்டு, மெத்தை சரியப் பார்க்கவே அவசரமாகக் கீழே போனாள்.

மோந்தோ ஃபோன் செய்து இருபது நிமிடம்தான் ஆகிறது. அண்ணன் ரோடெல் எழுந்திருக்கவில்லை, உடனே வா என்று மட்டும் சொன்னான். அழகு நிலையத்தில் ஒரு வாடிக்கையாளரின் பாதி நகத்துக்குச் சாயம் பூசியபடியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். வளைகுடா நாட்டு ஆகஸ்ட் வெயிலில், தேராவின் தெருக்களில் ஓடி வந்த உடம்பு முழுக்க வேர்வை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் அந்த வேர்வை சில்லென்று குளிர்ந்தது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் சாயங்காலம் நாலரைக்கு இப்படி ஒரு குளிரை அவள் பார்த்ததே இல்லை. மூன்று அறையிலும் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஸ்பேனரும் கையுமாக நின்று, எந்தக் கட்டில் முதலில் போக வேண்டும் என்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள் பெனிதா. விடுதியை நடத்துகிறவள் அவள்தான். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறவளும் அவள்தான். டெல்ஃபினாவைக் கண்டதும் ஸ்பேனரைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கையை விரித்தாள்.

"வா கண்ணு. கடவுள் கூப்பிட்டுக்கிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு, ஒரு வலி இல்ல, ஒண்ணு இல்ல."

"ஏசிய எப்ப போட்டீங்க?"

"என்னம்மா கேக்குற?"

"ஏசிய எப்ப போட்டீங்கன்னு கேட்டேன்."

பெனிதா விரித்த கையோடு நெருங்கி வந்தாள். டெல்ஃபினா அவள் கையைத் தட்டிவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

அறையில் இருந்த ஆறு ஈரடுக்குக் கட்டில்களில் மூன்று போய்விட்டன. அவை இருந்த இடத்தில் தரையில் சதுரம் சதுரமாகத் தூசி. ஜன்னலோரக் கட்டிலின் மேல்தட்டில், கூரைக்கு ஒரு முழம் கீழே ரோடெல் கிடந்தான். நீலத் திரைத்துணி ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஏணியில் நின்றுகொண்டு மோந்தோ ஈரத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கீழ்த்தட்டுக்காரன். இரண்டு வருடமாக ரோடெலின் காலடியில் தூங்கியவன்.

"மூணரைக்கு வந்தேன். திரைக்கு வெளிய கை தொங்கிட்டு இருந்துச்சு. அப்பதான் தொட்டுப் பாத்தேன்" என்றான். "உடம்பு சூடாத்தான் இருந்துச்சு, ஃபினா. ஆனா அப்ப சுவரும் சூடு, கட்டில் கம்பியும் சூடு. என்னத்தக் கண்டேன்?"

"ஆம்புலன்ஸ்?"

அவன் கூடத்துப் பக்கம் பார்த்தான். "மொதல்ல கட்டில், அப்புறம் ஆம்புலன்ஸ்ங்குது அக்கா."

ஒரு மணி நேரம். ஒரு மணி நேரமாக அவள் அண்ணனைப் பரணில் போட்ட பழைய சாமான் போல விட்டுவிட்டுக் கட்டில் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். டெல்ஃபினா அங்கேயே நின்று ஃபோனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். முகவரியை இரண்டு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கூடத்தில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.

ரோடெல் மீன் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்த்தான். ராத்திரி முழுக்க உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே, கண் மட்டும் தெரியும்படி மூடிக்கொண்டு நிற்பான். காலை எட்டரைக்குத் திரும்பி வந்து படுப்பான். ஒன்பது மணிக்கு ஏசி நிற்கும். பகலில் ஆள் குறைவு, எதற்கு வீணாக மின்சாரம் என்பது பெனிதாவின் சட்டம். ஸ்விட்சுக்கு மேல் கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டி, சாவியைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாள்; அறை குளிர ஆறு மணியாகிவிடும். அதனால் பகல் படுக்கைக்கு வாடகை பாதி. தன் மகள் ஊரில், இலோயிலோவில், நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருடம் என்று ரோடெல் அதையே பிடித்துக்கொண்டான். "ராத்திரி பச்சை மீன், பகல்ல கருவாடு. ஒரே ஆளு, ரெண்டு ருசி" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கேட்டவர்களும் சிரிப்பார்கள். டெல்ஃபினாவும் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது.

கட்டில் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அவள் மத்தியானம் மாட்டிவிட்டுப் போன பை. உள்ளே வினிகர் ஊற்றிச் சமைத்த மீனும் சோறும் முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தன.

பன்னிரண்டரைக்கு வந்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அனல் அடித்தது. திரை நாலு பக்கமும் மூடியிருந்தது, கீழே அவன் செருப்பு கிடந்தது. அந்த விடுதியில், அந்த ஊரிலுள்ள அத்தனை விடுதிகளிலும், திரை மூடியிருந்தால் ஆள் அங்கே இல்லை என்று கணக்கு. கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, கட்டில் கம்பியில் சாய்வதுகூட மரியாதைக் கேடு. முப்பத்தெட்டு பேர் ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் கொன்றுபோடாமல் நாளைக் கடத்துவது அந்தத் துணியை நம்பித்தான். கூடப் பிறந்தவளும் அதற்கு விலக்கு இல்லை. டெல்ஃபினா பையைச் சத்தமில்லாமல் மாட்டினாள். வெளியே போகும்போது நுனிக்காலில் நடந்து போனாள்.

பெனிதா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இப்போது குரல் மாறியிருந்தது.

"ஃபோன் பண்ணிட்ட, சரி. இனிமே நான் சொல்றதக் கேளு. உன் அண்ணன் இங்க குடியிருக்கல. உன்னப் பாக்க வந்தாரு, ரெண்டு நாள் விருந்தாளி. நெஞ்சு வலி ஏற்கெனவே உண்டு. அவ்வளவுதான். உடம்ப ஊருக்கு அனுப்புற செலவு நான் பாத்துக்கறேன்."

"அந்தக் கண்ணாடிப் பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

சுவரில் ஸ்விட்சைச் சுற்றி நாலு ஓட்டை இருந்தது. ஓட்டைக்குக் கீழே சுண்ணாம்புத் தூள் இன்னும் உதிர்ந்து கிடந்தது.

"செத்தவனுக்கு ஏசி போட்டுக் குடுத்திருக்கீங்களே, உயிரோட இருந்தப்ப போட்டா என்ன கொள்ளையா போயிருக்கும்?" டெல்ஃபினாவின் சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

"கத்தாத. இறந்தவங்க இருக்கற எடத்துல கத்தக் கூடாது. வா, ஜெபம் பண்ணலாம்." பெனிதா ஜெபமாலையை எடுத்தாள்.

"அத உள்ள வைங்க. வச்சிருங்க, இல்ல அந்த ஸ்பேனராலயே உங்க மண்டைய உடைப்பேன்."

பெனிதா ஜெபமாலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். மோந்தோ ஏணியிலிருந்து இறங்கினான். துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"ஃபினா, அவ கெடக்கறா விடு. நான் எனக்காகக் கேக்கறேன். எனக்கு விசா முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. உனக்கே தெரியும். இங்க எத்தன பேர்னு தெரிஞ்சா இன்னிக்கே வீட்டப் பூட்டிருவாங்க. எங்க போவோம்? இந்த வெயில்ல எங்க படுப்போம்?"

"என்னக் கூப்பிட்டது நீதான."

"ஆமா, நான்தான். கூப்பிடாதன்னுதான் அக்கா சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் கூப்பிட்ட?"

அவன் அண்ணாந்து மேல்தட்டைப் பார்த்தான். கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மோந்தோ தன் பையை எடுத்து, ரோடெலின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு, பின்பக்கப் படி வழியாகப் போனான்.

ஆம்புலன்ஸில் வந்தவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுமையும் இல்லை. ஏணியில் ஏறி ரோடெலின் கண்ணை விரித்துப் பார்த்தான், தாடையை அசைத்துப் பார்த்தான், கையை மடக்கிப் பார்த்தான். இறங்கி கையுறையைக் கழற்றினான்.

"எப்ப போச்சு?" என்று டெல்ஃபினா கேட்டாள்.

"டாக்டர்தான் சொல்லணும்மா."

"நீங்க சொல்லுங்க. குத்துமதிப்பா சொல்லுங்க போதும்."

"இப்ப அஞ்சு. மூணு மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல இருக்காதுன்னு நெனைக்கறேன்."

டெல்ஃபினா விரல் விடாமலே கணக்குப் போட்டாள். இரண்டு மணி. அப்படியென்றால் பன்னிரண்டரைக்கு அவன் உயிரோடு இருந்திருக்கிறான். அந்தத் துணிக்கு அந்தப் பக்கம், ஒரு கை நீட்டும் தூரத்தில், மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு வேளை கூப்பிட முயன்றிருப்பான், குரல் வந்திருக்காது. அவள் நுனிக்காலில் நடந்து போனதைக்கூடக் கேட்டிருப்பான். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் பொங்கி வந்தது, இந்த முறை அது தன் மேல்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்த போலீஸ் அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். கையில் ஒரு அட்டை, அதில் ஒரு தாள். பெனிதா அதற்குள் முகம் கழுவி, தலை சீவி, கண்ணைச் சிவக்கத் தேய்த்திருந்தாள்.

"இங்க எத்தன பேர் தங்கறீங்க?"

"ஆறு பேர் சார். ஒரே குடும்பம் மாதிரி."

"இறந்தவர்?"

"இந்தப் பொண்ணோட அண்ணன் சார். விருந்தாளியா வந்தாரு. ரொம்ப நாளா இதய நோய்."

அதிகாரி டெல்ஃபினா பக்கம் திரும்பினார். பெனிதாவும் திரும்பினாள். வாசலில் மிச்சமிருந்த நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அண்ணன் செலவில்லாமல் ஊர் போய்ச் சேருவான், மோந்தோ ராத்திரிக்குத் திரும்பி வந்து படுப்பான், நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஏசி நிற்கும்.

"முப்பத்தெட்டு பேர் சார்" என்றாள் டெல்ஃபினா. "கட்டிலெல்லாம் கீழ வண்டி நிறுத்தற எடத்துல கெடக்கு, போய்ப் பாருங்க. என் அண்ணன் ரெண்டு வருஷமா இங்கதான் குடியிருந்தான். இதய நோயெல்லாம் ஒண்ணும் கெடையாது. காலைல ஒன்பதுலேருந்து நாலு வரைக்கும் இங்க ஏசி கெடையாது. பெட்டி போட்டுப் பூட்டியிருந்தாங்க. சுவத்துல ஓட்டை இருக்கு. சாவி இவங்க கழுத்துல இருக்கு."

பெனிதாவின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு எழுதினார்.

"கடைசியா அவரப் பாத்தது யாரு?"

"யாரும் பாக்கல. பன்னெண்டரைக்கு நான் வந்தேன். இதே எடத்துல நின்னேன். திரை மூடியிருந்துச்சு. அறை கொதிச்சுது."

"தெறந்து பாக்கலயா?"

"இல்ல."

"ஏன்?"

அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? சொந்த வீட்டில், கதவு வைத்த அறையில் தூங்குகிறவர்.

"தெறக்கல சார். அதயும் எழுதிக்குங்க" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.

ரோடெலை இறக்கிக் கொண்டுபோகும்போது படிகள் காலியாக இருந்தன. வண்டியில் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. நாளை காலை பிணவறை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். பெனிதாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். வீட்டுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

டெல்ஃபினா தெருவுக்கு வந்தாள். வெயில் இறங்கியும் தரை கொதித்தது. கட்டிடத்து நிழலில், பெட்டிகளையும் சுருட்டிய மெத்தைகளையும் வைத்துக்கொண்டு அந்த வீடே உட்கார்ந்திருந்தது. அவள் நெருங்கவும் பேச்சு நின்றது. மெத்தை சுமந்து போனவள் எழுந்து வந்து எதிரே நின்றாள்.

"உன் அண்ணன் போனான், சரி. எங்களையும் ஏன்டி நடுத்தெருவுல நிறுத்தின?"

"நீ எத்தன மணிக்கு வேலைலேருந்து வந்த?"

"ரெண்டே முக்காலுக்கு. எதுக்குக் கேக்குற?"

"அந்தக் கட்டிலத் தாண்டித்தான உன் எடத்துக்குப் போன?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு போய்த் தன் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். டெல்ஃபினாவுக்கு அதில் ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை.

தெருமுனையில், விசா இல்லாதவன் நிற்கக் கூடாத வெளிச்சத்தில், மோந்தோ நின்றுகொண்டிருந்தான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவன் தலையாட்டினான். பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். "நேரா ரூமுக்குப் போகாத, ஃபினா. எங்கயாவது கடைல நின்னு ஒரு காபி குடிச்சிட்டுப் போ. செத்தவங்கள பாத்துட்டு நேரா வீட்டுக்குப் போனா கூடவே வந்துருவாங்கன்னு தெரியும்ல. எங்கம்மா சாவுக்கு நாங்க மூணு கடை ஏறி எறங்கினோம்."

"நீ எங்க படுப்ப?"

"பாத்துக்கலாம். நீ கடைல நின்னுட்டுப் போ. மறந்துறாத."

அவள் நடந்தாள். முதலில் ரொட்டிக்கடை வந்தது, அப்புறம் ஊர்க்காரர்கள் கூடும் காபிக்கடை. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கேயும் நிற்கவில்லை. குறுக்குச் சந்தில் புகுந்து, எவ்வளவு சுருக்காகப் போக முடியுமோ அவ்வளவு சுருக்காகத் தன் இடத்துக்குப் போனாள். அழகு நிலையத்துக்கு மேல்மாடியில் ஆறு பெண்கள் இருக்கும் அறை. படியேறும்போது ஒருமுறை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாக ஏறினாள்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் பட்டது.

"யாரது? கதவச் சாத்துங்கடி! குளிரெல்லாம் வெளிய போகுது!" என்று உள்ளே யாரோ கத்தினார்கள்.

டெல்ஃபினா கதவைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு சாத்தினாள்.