பக்கத்துக் கபர்

வெள்ளிக்கிழமைகளில் தீவுத் துறைமுகத்தின் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை முடிந்ததும் நசீரா ஸ்கூட்டரை மின்னி பே பக்கம் திருப்புவாள். அங்கே கடலைப் பார்த்த சரிவில் கபர்ஸ்தான் இருந்தது. பெண்கள் உள்ளே போகும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. இடுப்பளவுச் சுவருக்கு வெளியே நின்று, அங்கிருந்தே தெரியும் இரண்டு மண்மேடுகளைப் பார்த்து ஓதிவிட்டுப் பத்துபஸ்தியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒன்று அவளைப் பெற்ற அத்தாவின் கபர், மற்றது அம்மாவுடையது.

அந்த வெள்ளிக்கிழமை ஓத ஆரம்பித்தவளுக்கு நாக்கு பாதியில் நின்றுவிட்டது. அத்தாவின் கபரைச் சுற்றிக் கறுப்பு கிரானைட் எழும்பியிருந்தது. தலைமாட்டில் ஒரு வளைவு, அதில் தங்க நிறத்தில் ‘நாடக மாமேதை அலி அக்பர்’. நினைவிடம் கட்டப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பக்கத்தில் அம்மாவின் மேட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்பும் சாம்பலுமாகத் தரைக்கல் பதித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பதிப்பார்களே, அதே கல். அதன் மேல் காலை அகட்டி நின்றுகொண்டு ஒரு ஆள் பான் மென்றுகொண்டிருந்தான்.

நசீரா சுவரைச் சுற்றிப் போய், கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

“மேடம், லேடீஸ் உள்ள வரக்கூடாது” என்று ஓடிவந்தான் காண்ட்ராக்டர் பாலகுமார்.

“இங்க கல்லு போடச் சொன்னது யாரு?”

“கமிட்டி ப்ளான் மேடம். ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன். வி.ஐ.பி. சேர் போடணும், லெவல் பண்ணுன்னாங்க. காலி ஜகாதானே, பேர் எழுதின மீஸான் பலகைகூட இல்லையே.”

“தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் ரெண்டு கல்லு நட்டிருந்துச்சே, அது எங்க?”

பாலகுமார் சுவர்ப்பக்கம் திரும்பினான். அவன் கண் போன திசையில் அவளும் பார்த்தாள். சுவரோரம் சிமெண்ட் சாக்கும் உடைந்த கல்லுமாகக் குவிந்து கிடந்த குப்பைக்குள் அந்த இரண்டு கடல்பாறைக் கற்களும் கிடந்தன. அவற்றை அவளுடைய அத்தாவே கடற்கரையில் தேடி எடுத்து வந்து நட்டார். நசீரா குப்பைக்குள் கை விட்டு அவற்றை எடுத்தாள். பான் மென்றுகொண்டிருந்தவன் தானாகவே கீழே இறங்கி நின்றான்.

அலி அக்பர் ஹேடோ துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய ஆள். பகலில் மூட்டை எண்ணுவார், மாலையில் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நாடகம் போடுவார். தமிழும் தீவு ஹிந்தியும் கலந்து அவர் எழுதிய வசனங்களைக் கேட்க வங்காளிகளும் தெலுங்கர்களும்கூடப் பாய் விரித்து உட்காருவார்கள். ‘நங்கூரக்காரி’ என்ற அவருடைய நாடகம் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போனது. சென்னையில் போட்டார்கள், டெல்லியில் போட்டார்கள், கல்லூரியில் பாடமாகவும் வைத்தார்கள். புருஷனைக் கப்பலுக்குப் பறிகொடுத்தவள் துறைமுக அதிகாரியின் முகத்துக்கு நேரே பேசும் அந்தப் பேச்சைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. பெண்ணின் மனதுக்குள் புகுந்து எழுதியவர் என்று புகழ்ந்தார்கள்.

அவர் எங்கே புகுந்தார் என்பது நசீராவுக்குத் தெரியும். சமையலறைக்குள் புகுந்து, மீன் கழுவிக்கொண்டிருக்கும் மனைவி தஸ்லிமாவிடம் கேட்பார்: “இந்த இடத்துல அவ என்ன சொல்லுவா?” அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லுவாள். அத்தா ஓடிப்போய் எழுதுவார். எழுதியது சரியில்லை என்றால், “இப்படி எந்தப் பொம்பளையும் பேசமாட்டா” என்று அம்மா அந்த வரியையே அடித்துவிடுவாள். நடிக்க வந்த பெண்களுக்குச் சேலையைத் தைத்துக் கொடுத்து, எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

முதலில் போனது அம்மா. அன்றைக்கே கபர்ஸ்தான் பெரியவர்களிடம் பக்கத்து இடத்தைக் கேட்டு வைத்தார் அத்தா. “வேற எங்கயும் என்னைப் போட்றாதீங்க” என்று சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கேட்ட இடம் அவருக்குக் கிடைத்தது. இப்போது அவருக்குப் புகழ் சேர்க்கிறோம் என்று அம்மாவை மண்ணோடு மண்ணாக நிரவிவிட்டார்கள்.

நினைவிடக் கமிட்டியின் செயலாளர் சந்திரசேகர், ஓய்வுபெற்ற அதிகாரி. ஹேடோவில் கமிட்டி அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். நசீரா இரண்டு கற்களையும் அவர் மேஜை மேல் வைத்தாள். அழைப்பிதழ்களின் மேல் மண் உதிர்ந்தது.

“என்னம்மா இது?”

“எங்கம்மா கபர்ல இருந்தது. நீங்க குப்பையில போட்டது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாருங்கம்மா, உங்க உணர்வு புரியுது. ஆனா அலி அக்பர் இனிமே உங்க வீட்டுச் சொத்து மட்டும் இல்ல. அவர் தேசத்துக்குச் சொந்தம். நாலு பேர் வந்து நின்னு பார்க்க இடம் வேணாமா?”

“நிக்கிறதுக்கு எங்கம்மா நெஞ்சுதான் கெடச்சுதா சார்?”

“நாடக வசனம் மாதிரி பேசாதீங்க.”

“அந்த வசனமே எங்கம்மா பேச்சுதான்!” அவள் குரல் உயர்ந்ததில் அடுத்த அறை டைப்பிங் சத்தம் நின்றது. “இடமும் அவங்களோடதுதான். அவங்க அங்க முன்னாடியே இருந்தாங்க. அத்தாதான் பக்கத்துல வந்து படுத்தாரு.”

சந்திரசேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாங்க கேட்காம செய்யலம்மா. உங்க தம்பி அப்ஸல் பாய் கமிட்டியில மெம்பர். அவர்கிட்ட பக்கா கேட்டோம். பரவாயில்லன்னாரு.”

 நசீரா கற்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டரைப் பஜார் பக்கம் திருப்பினாள்.

பஜாரில் அப்ஸலின் பாத்திரக்கடையில் அப்போது கூட்டம். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவன் கல்லாவை விட்டு எழுந்துவிட்டான்.

“டேய், பரவாயில்லன்னு சொன்னியா?”

“அக்கா, உள்ள வா. வாடிக்கை நிக்கிறாங்க.”

“நிக்கட்டும், கேக்கட்டும். அம்மா மேல கல்லு பாவுறேன்னாங்க, நீ பரவாயில்லன்னியா?”

“கபர எடுக்கப் போறதில்லக்கா, மேல சும்மா லெவல்தான்னு சொன்னாங்க. அத்தா பேரு பெருசா வருது. டெல்லியில இருந்து ஆள் வர்றாங்க. நான் ஒருத்தன் தடுத்தா நல்லாவா இருக்கும்? அம்மா இருந்தாலே போகட்டும்டான்னுதான் சொல்லியிருக்கும்.”

“அம்மா என்ன சொல்லும்னு உனக்குத் தெரியுமா? அத்தாவுக்கே தெரியாமத்தான் தெனமும் சமையலறைக்கு வந்து கேட்டாரு.”

அப்ஸல் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தையில் காய்ச்சல் என்றால் அம்மாவின் முந்தானையை விடாதவன். கமிட்டிக்காரர்கள்மேல் வந்த கோபம் வெளியே கொட்டி ஆறிவிடும் கோபம். தம்பிமேல் வந்தது அப்படி இல்லை. அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

“மேல பாவினத நாளைக்குள்ள நீயே எடுத்துரு” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை முடியட்டும்க்கா. அப்புறம் பேசிப் பார்க்கிறேன்.”

“வேணாம். நீ பேசினது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை கபர்ஸ்தான் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று அன்றைக்கு யாரும் யாரையும் தடுக்கவில்லை. அதிகாரிகளின் மனைவிமார் பட்டுடுத்தி வந்து உட்கார்ந்திருந்தார்கள். தரைக்கல்லின் மேல் வெள்ளைத் துணி சுற்றிய நாற்காலிகள். டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி நடுவில். அவருக்கு அடுத்து உமா மகேஸ்வரி. ஹேடோ குவார்ட்டர்ஸில் வளர்ந்து, முதன்முதலில் நங்கூரக்காரியாக நடித்துப் பேர் வாங்கியவள். அந்தப் புகழ்பெற்ற வசனத்தை விழாவில் பேசிக் காட்டச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

சந்திரசேகர் மைக்கில் வரவேற்றுக்கொண்டிருந்தபோது நசீரா கடப்பாரையோடு உள்ளே வந்தாள். அப்ஸல் ஓரமாக நின்றிருந்தான். ஓரடி முன்னால் வந்தவன், அக்காவின் பார்வையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

அவள் நேரே உமாவின் முன்னால் போய் நின்றாள்.

“உமாக்கா, எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கிறது எங்கம்மா மேல.”

உமாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. “தஸ்லிமாக்காவா? அவங்க… இங்கயா?” என்றவள், புரிந்ததும் சுட்டதுபோல் எழுந்து விலகினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“யாராவது இவங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க” என்று சந்திரசேகர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அது ஒலிபெருக்கியில் சரிவு முழுக்கக் கேட்டது. இரண்டு ஆட்கள் வந்தார்கள். நசீரா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பெரிய அதிகாரியிடம் திரும்பினாள். வரிசையில் முண்டியடிக்கும் நூறு பேரை அடக்கிப் பழகிய கவுண்டர் குரலில், சுத்தமான தீவு ஹிந்தியில் சொன்னாள்: “சாஹப், உங்க ஷூ இருக்கிற இடத்துக்கு அடியில என்னைப் பெத்தவ இருக்கா. அந்தா கறுப்புக் கல்லுல எழுதியிருக்கே, அந்த மனுஷனோட பொஞ்சாதி. அவ பக்கத்துலதான் படுக்கணும்னு கேட்டு வந்து படுத்தாரு. இவங்க அவளைக் காலி இடம்னு சொல்லிட்டாங்க. நீங்க உக்காரணும்னா உக்காருங்க. நான் மத்த கல்ல எடுக்கிறேன்.”

அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் மொத்த வரிசையும் எழுந்தது. துணி சுற்றிய நாற்காலிகளை உமாதான் முதலில் இழுத்து அப்புறப்படுத்தினாள். பிறகு மைக்கை வாங்கி, “அந்த வசனத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க தஸ்லிமாக்கா. அவங்களை மிதிச்சிக்கிட்டு நான் அதைப் பேசமாட்டேன்” என்றாள். கைதட்டல் இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நசீரா முதல் கல்லின் விளிம்பில் கடப்பாரையைச் செருகி நெம்பினாள். சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. கல் பெயர்ந்து வந்தது. வெயில் ஏறியது. பெரிய அதிகாரி ஓரமாக நின்றே நாடாவை வெட்டிவிட்டுக் காருக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நசீரா கல்லைப் பெயர்த்துக்கொண்டே இருந்தாள். முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியது. உள்ளங்கை தோலுரிந்தது. ஒரு கட்டத்தில் பக்கத்தில் யாரோ மண்டியிட்டு, பெயர்ந்த கற்களைத் தூக்கி வைப்பது தெரிந்தது. அப்ஸல். அழுதுகொண்டிருந்தான். அவள் அவன் கையைத் தள்ளவில்லை. அம்மாவின் நீளத்துக்குக் கல் முழுவதும் எடுத்தான பிறகு, மண்ணைக் குவித்து மேடாக்கி, இரண்டு கடல்பாறைக் கற்களையும் பழைய இடத்தில் நட்டார்கள்.

மறுநாள் பத்திரிகையில் ‘நினைவிடத் திறப்பு விழாவில் சிறு சலசலப்பு’ என்று வந்தது. தஸ்லிமாவின் பெயர் அதில் இல்லை. மண்மேட்டை யாரும் மறுபடி தொடவில்லை. உமா சென்னையில் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டாள் என்பதால் கமிட்டிக்குப் பயம். வளைவில் அம்மாவின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று நசீரா கேட்டதற்கு, அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் கூடவே இல்லை. அப்ஸல் கமிட்டியிலிருந்து விலகிவிட்டான். பெருநாளுக்கு அக்கா வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினான். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அவள் சாப்பிடவில்லை.

மழை தொடங்கிய மாதத்தில் கவுண்டருக்கு ஒரு கட்டு சுற்றுலாக் கையேடு வந்து இறங்கியது, பயணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி. நடுப்பக்கத்தில் அத்தாவின் கபர் பளபளவென்று இருந்தது. நசீரா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். படத்தின் வலது ஓரம், அம்மாவின் மேடு ஆரம்பிக்க வேண்டிய இடத்தில், கத்தரித்ததுபோல் முடிந்திருந்தது. கீழே ‘தனிமையில் துயிலும் மேதை’, ‘படம்: நினைவிடக் கமிட்டி’ என்று எழுதியிருந்தார்கள்.

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் கையேட்டுக் கட்டைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள். கவுண்டர் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு போனை எடுத்தாள்.

“சந்திரசேகர் சாரா? நான் நசீரா.”

“சொல்லுங்கம்மா. அலி அக்பர் சார் டாட்டர்தானே?”

“தஸ்லிமா மக. கையேட்டுப் படத்துல எங்கம்மாவ வெட்டினது யாரு சார்? இப்பவே சொல்லுங்க.”