தொழில்: இல்லை

1.
இந்தக் கதை, ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தபோது பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாத்தளை மலைகளில் மூடுபனி இறங்கும் வேளையில் மபாஸா..." வேண்டாம். மூக்கடைத்தவளுக்குப் பனி என்ன அழகு?

2.
மபாஸா, நிஸ்தார் ஹாஜியாரின் மனைவி. இரத்தோட்டை வீதியில் அவர்களுக்கு வாசனைச் சரக்குக் கடை. கராம்பு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி முகர்ந்தாளென்றால், எங்கே ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் சரி என்ற பிறகுதான் மூட்டை உள்ளே வரும்.

இப்போது மூக்குக்குள் சதை. இரண்டு முறை வெட்டினார்கள். இரண்டு முறையும் வளர்ந்தது. மூன்று வருடமாக எந்த மணமும் தெரிவதில்லை. உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறாள். சொந்தக்காரர்களோ, "வெறும் சளி, தடிமன்தானே!" என்கிறார்கள்.

(தடிமனாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

3.
அழற்சியின் வேரையே அடக்கும் புது ஊசி ஒன்று இருக்கிறது. இரண்டு வாரத்துக்கொரு முறை, தோலுக்கடியில். வந்திருப்பது கொஞ்சம், யாருக்கு முதலில் என்று ஒரு குழு தீர்மானிக்கும். அதற்குச் சிங்களத்தில் ஒரு படிவம். நிஸ்தாருக்குப் பேச வரும், எழுத வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டினார். மபாஸா உள்ளே பரிசோதனையில் இருந்தாள்.

"அவங்களுக்குத் தொழில்?" என்றேன்.

"தொழிலா? சும்மாதான் ஊட்டுல ஈக்கிறா."

மனைவி கடையில் நிற்கிறாள் என்றால் கௌரவம் குறையுமாம். நானும் "இல்லை" என்று எழுதினேன். கதை எழுதுகிறவள் நான், மறுகேள்வி கேட்கவில்லை. வெட்கக்கேடு.

4.
அடுத்த கிளினிக்கில் பதில் கிடைத்தது: "மணமின்மையால் தொழிலுக்குப் பாதிப்பில்லை. காத்திருக்கவும்."

மபாஸா கடிதத்தைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நான் சும்மாவா ஈந்த? ஒங்கட கடையில மணத்திப் பாத்தது யாரு?"

நிஸ்தார் எழுந்து கவுண்டர் பக்கம் நடந்தார். நானும்தான்.

5.
முடிவு அ: ஊசி கிடைக்கிறது, ஒருநாள் கராம்பு மணக்கிறது, அவள் அழு... கிழித்துவிட்டேன். அவளுக்கு இன்னும் கிடைக்காததை உங்களுக்கு மட்டும் எதற்குத் தருவது?

முடிவு ஆ: மூன்றாவது முறையும் வெட்டு... மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். புதுப் படிவம் வாங்கினோம். நான் பேனையை எடுத்தேன்.

"நீங்க எழுதினது காணும், போதும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

தொழில் என்ற கட்டத்தில் தமிழில் எழுதினாள்: "கராம்பு, ஏலம், சாதிக்காய் மணத்திப் பார்த்துத் தரம் பிரிப்பது. இருபது வருஷம்."

அந்தக் குழுவில் தமிழ் வாசிக்கிறவர் இருக்கிறாரா, தெரியாது. நீங்கள் வாசித்துவிட்டீர்கள். சொல்லுங்கள், இவளுக்கு ஊசி உண்டா, இல்லையா?