சும்மா வருகிறவர்கள்

“பரீட்சைக்கா, சும்மாவா?” முதல் நாள் நூலகர் அற்புதமணி சார் கேட்டது இதைத்தான், பெயரைக் கேட்கவில்லை, எந்தத் தெரு என்று கேட்கவில்லை, நூலகத்துக்கு வருகிற சனத்தில் இரண்டே சாதிதான் உண்டு என்பதுபோல, அதுவும் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்... சண்முகசுந்தரியின் வாயில் உண்மைதான் வந்தது, “சும்மாதான் சார்” என்று சொல்லிவிட்டாள், சொன்ன பாவத்துக்கு மூன்று மாதம் வாசல் பெஞ்சில் கிடந்தாள். வாசல் பெஞ்சு என்றால் பேப்பர் பெஞ்சு, ஹார்பரில் வேலை பார்த்து ஓய்ந்த அண்ணாச்சிமார் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, கண்ணீர் அஞ்சலியைப் பார்த்ததும் “ஏலே, இவனும் போயிட்டானா, நம்மகூட கிரேன் ஓட்டுனவம்லா” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார்கள், தலைக்கு மேலே ‘அமைதி காக்கவும்’ என்று பலகை தொங்கும், உப்பு லாரி ஒவ்வொன்றும் ஒரு வாளி தூசியைக் கொட்டிவிட்டுப் போகும், ஃபேன் கிடையாது. உள்ளே, நீள மேசைக்கு மேலே வரிசையாக ஃபேன். அத்தனையும் பரீட்சைக்காரர்களுக்கு. பரீட்சை எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் வேர்க்குமா, கதை படிக்கிறவளுக்கு வேர்க்காதா? கேட்கலாம், யாரிடம் கேட்க, கேட்க நினைக்கிறபோதே தொண்டை அடைத்துக்கொள்கிறது, பிளஸ் ஒன்னில் வாத்தியார் எழுப்பி நிறுத்திய அன்றும் இதே அடைப்புதான், வகுப்பே சிரித்தது, அதற்குப் பிறகு அவள் அந்த வகுப்புக்கே போகவில்லை... பரீட்சைக்காரியாக மாறுவதற்கு ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. அலமாரியிலிருந்து அரசு வேலைப் பரீட்சைக்கான ஒரு தடித்த கைடை உருவி, மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே நடந்தாள், அவ்வளவுதான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருவரும் ஒன்றும் கேட்காத இந்த நாற்காலிக்குத்தான் இன்றைக்கு வினை வந்திருக்கிறது. மேசைக்கு எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு தாள், பசை இன்னும் காயவில்லை, ‘ஹால் டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த மேசை. இன்று மாலை சரிபார்க்கப்படும்.’ அதைப் பார்த்ததிலிருந்து ஒரே வரியை எத்தனை தடவை படித்துவிட்டாள், கைடுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிற நாவலில் ஒருத்தி தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள், இறங்கி நூறு பக்கமாகிறது, இன்னும் வீடு போய்ச் சேரவில்லை, சேருவாளா, இனிமேல் அது சுந்தரிக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படி என்பார்கள். உறுப்பினர் அட்டை வேண்டுமாம், அட்டைக்கு யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம், ஒரு கதைப் புத்தகத்துக்கு ஜாமீன் கேட்கிற ஊர் இது. அப்படியே கொண்டுபோனாலும் எங்கே உட்கார்ந்து படிப்பாள், இருப்பதே ஒரு அறை, அப்பா ராத்திரி முழுக்க ஹார்பரில் மூட்டை ஏற்றிவிட்டுப் பகலில் அங்கேதான் தூங்குகிறார், ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூச்சு விட்டாலும் ‘எவளா அது’ என்பார். தெருவில் உட்கார்ந்தால் போகிற வருகிற பேரெல்லாம் “ஏளா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லியா” என்பார்கள், தெரிந்தேதான் கேட்பார்கள். இந்த ஊரில் எழுந்திரு என்று யாரும் சொல்லாத இடம் இந்த ஒரு நாற்காலிதான், அதுவும் இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்.

தாகமாக இருக்கிறது, குடிக்க முடியாது, குடித்தால் போகணும், போகணும் என்றால் பெண்கள் கழிப்பறைச் சாவி வேண்டும், சாவி ஒரு மரக்கட்டையில் கட்டி அற்புதமணி சாரின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே போய் நின்று “சார், சாவி” என்று... அதற்கு நாக்கு வறண்டே கிடக்கலாம். பக்கத்து நாற்காலி விக்டோரியாக்காவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நீலக் கைக்குட்டையைத் தன் நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு நேரே போய்க் கட்டையைக் கழற்றிக்கொண்டு போவாள், அந்தக் கைக்குட்டை கிடக்கிறவரை எவனும் அதில் உட்கார மாட்டான், அது இங்கே சட்டம். ஜன்னலோர நாற்காலி, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று முதலில் வருகிற இடம். நூலகம் திறக்கும்போதே வந்துவிடுவாள், யார் குசுகுசுத்தாலும் “ஷ்ஷ்”, பேனா மூடியைத் தட்டினால் “ஷ்ஷ்”, சம்பளம் வாங்குகிற அற்புதமணி சாரைவிடச் சம்பளம் வாங்காத இவளுக்குத்தான் கண்டிப்பு ஜாஸ்தி. போன வாரம் எதிர் நாற்காலி ராஜபாண்டி, “சிலபஸ் மாறி எத்தனை நாளாச்சு, பழைய கைடையெல்லாம் தூக்கி எடைக்குப் போடுங்கலே” என்று சிநேகிதர்களிடம் சொன்னபோதுகூட ஒரு “ஷ்ஷ்” விழுந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே. அவளுக்குச் சுந்தரியின் திருட்டுத்தனம் தெரியும். சர்ச் காலண்டர் தாளில் அட்டை போட்ட தன் கைடிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருநாள் கேட்டாள், “ஏளா, ரெண்டு மாசமா ஹரப்பாவுலயே கெடக்கியே, எப்பதான் வெளிய வருவ?” மேசையே சிரித்தது, சுந்தரிக்கு உடம்பு முழுக்கக் காந்தியது, அன்றைக்காவது கைடில் அந்த முதல் பாடத்தைப் புரட்டித் தொலைத்திருக்கலாம், அந்தப் புத்திகூட இல்லை. இன்றைக்கு இவளே காட்டிக்கொடுக்கப்போகிறாள். “சார், இது கதைப் புஸ்தகக்காரி” என்று ஒரு வார்த்தை போதும். காட்டிக்கொடுப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கிற மூஞ்சிதானே அது?

அற்புதமணி சார் வந்தேவிட்டார். ‘அமைதி காக்கவும்’ எழுதியவர் செருப்பைச் சரட்டுச் சரட்டென்று தேய்த்துக்கொண்டு வருகிறார். ராஜபாண்டி செல்போனைத் தூக்கிக் காட்டுகிறான், “சென்டர் கோவில்பட்டில போட்டிருக்கான் சார், விடியறதுக்குள்ள எழும்பிப் போகணும்!” அடுத்தவன் மடித்த தாளை நீட்டுகிறான், அடுத்தவள் எடுத்து வைத்திருந்த மூன்று நகலில் ஒன்றை... எழுந்து போய்விடலாமா, இப்போதே, போனால் எல்லோரும் பார்ப்பார்கள், போகாவிட்டாலும் பார்ப்பார்கள்...

“ஹால் டிக்கெட்?”

சுந்தரி கைடின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஒன்னத்தாம்மா கேக்கேன். அப்ளை பண்ணியா, இல்லியா?” சார் கைடைத் தூக்கினார், தப்பான ஸ்டேஷன்காரி வெளியே தெரிந்தாள். “ஓஹோ... சும்மாதானா! பரீட்சைக்குப் படிக்கிறவங்க எடம்லா இது. அங்கன பேப்பர் பெஞ்சுக்குப் போ.” எவனோ களுக்கென்றான். “ஷ்ஷ்” வரும் என்று எதிர்பார்த்தாள், இந்த ஒரு தடவை வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது, வரவில்லை. நாவலையும் சோற்றுப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள், நாற்காலி கிரீச்சிட்டது, அதுவும் இன்றைக்குத்தான் கிரீச்சிட வேண்டுமா? சார் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரேயடியாகக் குழைந்தார், “ஒங்களுக்கு வேண்டாம் விக்டோரியா, நீங்க இருங்க. ஒங்களப் போயி கேப்பனா? ஏலே, பாத்துக்கிடுங்க, படிப்புன்னா இப்படிப் படிக்கணும்.”

விக்டோரியாக்கா தலையைத் தூக்கவில்லை. கைடைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு மெதுவாக மூடினாள், மூடும்போது காலண்டர் அட்டை சுந்தரியின் கண்ணுக்கு நேரே வந்தது, வசனத்துக்குக் கீழே, மாதத்துக்குப் பக்கத்தில், வருஷம். எத்தனையோ நாள் பக்கத்திலிருந்து பார்த்த தாள்தான், 2018... யாராவது ஆறேழு வருஷம் பழைய கைடைத் தினமும் தூக்கிக்கொண்டு வந்து... புதிது வாங்க மறந்திருப்பாளா, இவளா, பேனா மூடிச் சத்தத்தைக்கூடக் கவனிக்கிறவள்? அப்படியானால் திறக்கும்போதே வந்து, மூடும்போது போகிற இவளும் சும்மாதானா, இவளுக்கும் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற யாராவது இருக்கிறார்களா, இவளுக்கும் தெருவில் கேட்கிறார்களா? பரீட்சைக்கா, சும்மாவா என்று விக்டோரியாக்காவிடம் மட்டும் இத்தனை நாளில் யாரும் கேட்டதே இல்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கா எழுந்திருக்கிறாள்?

விக்டோரியாக்கா எழுந்துவிட்டாள். பையில் கைடை வைத்தாள், தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாள். நீலக் கைக்குட்டையை எடுத்து, உதறி, தன் நாற்காலியில் விரித்துப் போட்டாள். சாவிக்குத்தான் போகிறாள் என்று சுந்தரி நினைத்தாள், ஆனால் சாவிக்கு யாராவது பையைத் தூக்கிக்கொண்டா போவார்கள்? ஆணியை, மரக்கட்டையைக் கடந்தாயிற்று, பேப்பர் பெஞ்சைக் கடந்தாயிற்று. கடல்காற்றுக்குக் கைக்குட்டையின் ஒரு ஓரம் மட்டும் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறாள், திரும்பி வரப்போகிற தனக்கா, இல்லை... “அக்கா” என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். சுந்தரி தொண்டையைச் செருமினாள். அதற்குள் விக்டோரியாக்கா வாசல் படியிறங்கிப் போய்விட்டாள்.