ஊர் பேர் தெரியாதவர்

திரையை அடைத்துக்கொண்டு நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்து நின்றதும் அய்யம்பெருமாள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதிலிருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிவிட்டோம் என்றது. இதை ஓட்டினால் ஆபத்து வரலாம் என்றது. கீழே இருந்தது ஒரே ஒரு பட்டன். ஓட்டாதே.

“நான் எப்பப்பா காப்பாத்தச் சொன்னேன்?” என்று திரையிடமே கேட்டார்.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருடைய அமிர்தம் அச்சகம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான் கார்டாக வெளியே வரும். யாருக்கு யார் என்ன முறை என்பது தாசில்தார் ஆபீஸை விட அவருக்கு அதிகம் தெரியும். போன வாரம் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றித் திறந்து பார்த்தால், பழைய எழுத்துரு இதற்கு ஒத்துவராமல் தமிழ் முழுவதும் கொக்கியும் வளையமுமாகக் கிடந்தது. ‘கணபதி துணை’ கூடத் தப்பவில்லை. பிள்ளையாருக்கே இந்தக் கதி என்றால் மாப்பிள்ளை பெண்ணின் கதி என்ன? ஆவணி முகூர்த்தம் வேறு கழுத்தை நெரித்தது. விஷயம் சென்னையில் இருக்கும் மகள் பூங்குழலியின் காதுக்குப் போய், அவள் புருஷன் அன்பழகன் தன் ஆபீஸ் வேலைக்கு நடுவே உட்கார்ந்து, பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றுகிற சின்ன சாஃப்ட்வேர் ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தான். அதைத் திறக்கப் போனபோதுதான் இந்த நீலப்பெட்டி.

அன்பழகன் அனுப்பியது என்பதுதான் அவருக்குச் சங்கடம். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட சேதி வந்தபோது, வீட்டில் கூடிய சொந்தக்காரர்கள் முன்னால், “ஊர் பேர் தெரியாத ஒருத்தனக் கட்டிக்கிட்டா” என்று சொல்லிவிட்டார். பேர் அன்பழகன், ஊர் அரியலூர், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இரண்டும் அப்போதே அவருக்குத் தெரியும். சாதிசனத்தில் இல்லாத பையன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். சொன்ன சொல் சும்மா இருக்குமா? நாலு வாய் மாறி அந்தப் பையனிடமே போய்ச் சேர்ந்தது. மகளிடம் பேச்சு எப்படியோ ஒட்டிக்கொண்டது. மருமகனிடம் இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

இப்போது பூங்குழலிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வைக்க வேண்டும். அவள் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “கார்டுல அவரு பேரு இருக்கணும்ப்பா. நீங்க உங்க வாயால கூப்புடணும். இல்லன்னா நான் வரல.” ஊருக்கெல்லாம் கார்டு அடித்த மனுஷனுக்குத் தன் மகளின் கார்டு மட்டும் நகரவில்லை. ‘எங்கள் மகள் பூங்குழலிக்கு’ என்று அடித்து வைத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் சரியாகட்டும் என்று மனைவியிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டைப் அடிக்கிற சசிகலா சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். பதினைந்து வருடமாக அங்கேயே வேலை பார்ப்பவள். முதலாளியை முறை வைத்துத்தான் கூப்பிடுவாள், முறை வைத்துத்தான் கிண்டலும் செய்வாள்.

“மேல மோர் இன்ஃபோன்னு சின்னதா இருக்கு பாருங்கண்ணே. அத அமுக்குனாத்தான் உள்ள விடுற பட்டனே வரும். மேக்கொண்டு விசாரிக்காம இருந்தா, வேணாங்குறது மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும்.”

கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறாளா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சசிகலா அமுக்கினாள். இன்னும் இரண்டு வரி விரிந்தது.

“அன்னோன் பப்ளிஷர்.”

“அப்படின்னா?”

“வெளியிட்டது யாருன்னு தெரியலையாம். ஊர் பேர் தெரியாத ஆளாம்ணே.”

அய்யம்பெருமாளுக்குச் சுருக்கென்றது. முதலில் கம்ப்யூட்டர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. வெளியிடுகிறவர் பேர் இல்லாத நோட்டீஸை அவரும் தொட மாட்டார். எலெக்‌ஷன் நேரத்தில் அப்படி அடிக்கச் சொல்லி வந்தவர்களை, மொட்டைக் கடுதாசிக்கு வேறு இடம் பாருங்கள் என்று வாசலோடு அனுப்பியவர். ஆனால் இது மொட்டைக் கடுதாசியா?

“அந்தப் பையன் பேரு ஏன் வரல?”

“அதுக்கு வருசா வருசம் பணம் கட்டணுமாம்ணே. பெரிய கம்பெனிக்காரங்க கட்டுவாங்க. தனியா செஞ்சு அனுப்புனா இப்புடித்தான் காட்டும்.”

“அதுக்காக? கஷ்டப்பட்டுச் செஞ்சு குடுத்தவன எடுத்த எடுப்புல தெரியாதவன்னு சொல்லிப்புடுறதா?”

சசிகலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே விடுகிற பட்டனை அவளே அமுக்கினாள். நீலப்பெட்டி போய் மஞ்சள் பட்டை போட்ட இன்னொன்று வந்தது. இந்தத் தெரியாத ஆளுடைய சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா? எஸ். நோ. சசிகலா மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

“இத வூட்டுக்காரங்கதான் சொல்லணும்ணே.”

“கேக்குது பாரு கேள்வி” என்றார் அய்யம்பெருமாள். எஸ்ஸை அமுக்கிவிட்டுப் போனை எடுத்தார். அந்த நம்பரை மனைவி என்றைக்கோ ‘மாப்பிள்ளை’ என்று போட்டு வைத்திருந்தாள். அவர் அதை அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

“மாமா?” அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டான் போல.

“ஆமா. நீங்க அனுப்புனதப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“வார்னிங் வந்துச்சா மாமா? பயப்படாதீங்க. நான் தெரியாத ஆளுன்னுதான் காட்டும்.”

குத்திக்காட்டாமல், சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“உங்க இன்ஷியல் என்ன?”

“சாஃப்ட்வேருக்கு அதெல்லாம் வேணாம் மாமா.”

“கார்டுக்கு. வளைகாப்புக் கார்டு. ஊரு பேரு இன்ஷியலோட போடணும்ல.”

அந்தப் பக்கமிருந்து பதில் மெல்ல வந்தது.

“‘பெ’னா மாமா. அப்பா பெரியசாமி. அம்மா செல்வம்மாள்.”

“வூடு அரியலூர்ல எங்க?”

“ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி. அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுறாரு. ஞாயித்துக்கெழம இருப்பாரு.”

“அப்ப ஞாயித்துக்கெழமையே வரேன். நேர்ல வந்து கூப்புடுறதுதான் மொறை. நீங்களும் வளைகாப்புக்கு மொத நாளே குழலியோட வந்துருங்க.”

“சரிங்க மாமா.” அடுத்து என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை. தெரிந்த இடத்துக்கே திரும்பினான். “மாமா, அந்த மஞ்ச விண்டோ வந்துச்சுல்ல, அதுல எஸ் குடுத்தீங்களா? குடுத்தாத்தான் உள்ள ஏறும்.”

“அது அப்பவே குடுத்துட்டேன் மாப்ள.”

சசிகலா திரும்பிக்கொண்டு, இல்லாத தூசியைத் துடைத்தாள்.

பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. பழைய கார்டு ஒன்றைத் திறந்து மாற்றச் சொன்னார்கள். மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகக் கொக்கிகள் கலைந்து, முதல் ஆளாகக் கணபதி வந்து துணைக்கு நின்றார். அய்யம்பெருமாள் மகளின் கார்டையும் திறந்து மாற்றி, நின்றுபோயிருந்த இடத்திலிருந்து தானே அடித்தார். பிரிண்டரிலிருந்து சூடாக வந்த முதல் தாளைக் கையில் வாங்கினார். எந்தப் புரூஃப் வந்தாலும் செய்வது போல, எழுத்து கலைகிறதா என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பெ. அன்பழகன், அரியலூர். விரலில் மை ஒட்டவில்லை.