இருந்தபடியே விடவும்

நான்காவது விதியை டெவன் இரண்டு முறை உரக்கப் படித்தான். "படல் திறந்திருந்தால் திறந்தபடியே விடவும். மூடியிருந்தால் திறந்து, கடந்து, மூடிவிட்டுப் போகவும்." பிக்கப் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து, காகிதத்தைக் காற்று பிடுங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வெள்ளி மாலை. மே மாத நீண்ட விடுமுறைக்கு அவன் கூட்டி வந்தவர்கள் பத்துப் பேர். கூடாரம் அடித்தவர்கள் பாதி, இழுவை வண்டியில் படுக்கை கொண்டுவந்தவர்கள் மீதி. முதல் மூன்று விதிகளை யாரும் சரியாகக் கேட்கவில்லை. தரை அணிலான கோஃபரைத் தவிர எதையும் சுடக்கூடாது. வடக்குச் சரிவைப் பார்த்து மட்டுமே சுட வேண்டும். புல் காய்ந்து கிடப்பதால் நெருப்பு மூட்டக்கூடாது, சமையல் கேஸ் அடுப்பில்தான்.

"நாலாவது மட்டும் என்ன ரெண்டு தடவை?" என்றான் டார்ஸி. பள்ளியிலிருந்தே டெவனுக்கு நண்பன், டயர் கடை வைத்திருப்பவன். "எங்களப் பாத்தா அவ்ளோ மக்காவா தெரியுது?"

"உன்னப் பாத்துதான் ரெண்டு தடவை."

எல்லோரும் சிரித்தார்கள். ரெனாட்டோ மட்டும் சட்டைப்பை நோட்டில் விதியை எழுதிக்கொண்டிருந்தான். உழவு இயந்திர உதிரிபாகக் கடையில் டெவனுக்கு அடுத்த மேசை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து நான்கு வருடம். கடைசி நேரத்தில் ஒருவன் வரமுடியாது என்றதால் கிடைத்த இடம் அவனுக்கு. ஒரு பெரிய தட்டு நிறைய நூடுல்ஸ் சமைத்து, துணி போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணே, பாதி தொறந்திருந்தா?" என்று கேட்டான்.

"பாதி மூடு," என்றான் டார்ஸி. அதற்கும் சிரித்தார்கள். ரெனாட்டோவும் சிரித்தான். அதையும் எழுதிவிட்டு, பிறகு அடித்தான்.

படல் என்பது ஒன்றும் பெரிய கதவல்ல. முள்கம்பி மூன்று வரிசை, நடுவே இரண்டு குச்சி, ஓரத்தில் ஒரு கம்பு. கம்பைத் தோளால் அணைத்து நெருக்கி வேலிக்காலில் இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். வண்டியில் ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் இருப்பவன்தான் இறங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். டெவனின் வண்டியில் பக்கத்து இருக்கை ரெனாட்டோவுடையது. முதல் மாலையிலேயே அவன் உள்ளங்கையில் இரண்டு கீறல்.

நிலம் ஆர்வில் எக்லண்டுடையது. டெவனின் மாமனார். சஸ்காச்சுவான் மாகாணத்தின் தெற்கே அவரைப்போல நிலம் வைத்திருப்பவர்கள் நிறைய. இன்னொருவன் துப்பாக்கியோடு உள்ளே வரச் சம்மதிப்பவர்கள் குறைவு. மகள் ஜனெல் இருந்தவரை அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினான்கு மாதத்துக்கு முன், இருபத்தொன்பது வயதில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. டெவன் வந்து பார்த்தபோது குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பலை மேற்கே குட்டைக்கு மேலே இருக்கும் குன்றில் தூவினார்கள். கல் வைக்கவில்லை. காற்றில் விட்ட இடத்தில் கல் எதற்கு என்று ஆர்வில் சொல்லிவிட்டார். ஆகவே டெவனுக்குப் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமென்றால் அது அவருடைய நிலத்துக்குள்தான் இருந்தது.

இந்த ஆண்டு அனுமதி கேட்க அவனே போனான். விதைப்பு நேரம். ஆர்வில் விதைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசினார். "கோஃபர் என் புல்லத் தின்னுது. வந்து சுடுங்க. நான் முப்பது மைல் தள்ளி வெதச்சிட்டிருப்பேன். மாட்டப் பாக்க வரமாட்டேன், ஒன்ன நம்பித்தான் விடுறேன்." துணியில் கையைத் துடைத்தார். "அவ போனப்புறம் இந்த நெலத்துல ஒனக்கென்ன வேலைன்னு ஊர்ல கேக்குறாங்க. நான் கேக்கல. கேக்குற மாதிரி வெச்சுக்காத."

அவர் கெட்டவர் அல்ல. சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை கள்ளத்தனமாக மான் சுட்ட சொந்தத் தம்பியை இருபது வருடமாக உள்ளே விடாதவர்.

சனிக்கிழமை விடிகையில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது டெவன் தனியாக மேற்கே ஓட்டினான். மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, குட்டைக்குப் போகும் வழியில் நுழைந்தான். வழியில் இறங்க வேண்டியிருக்கவில்லை. குன்றின்மேல் ஏறி நின்றான். ஏதாவது வருமென்று காத்திருந்தான். குளிர்ந்தது. ஒன்றுக்கு வந்தது, அதற்குக் குன்றிலிருந்து நன்றாகத் தள்ளிப் போனான். அவ்வளவுதான் அந்தக் காலையில் அவன் அவளுக்குச் செய்த மரியாதை. திரும்பி வரும்போது, இருவராக வந்த காலத்தில் வழியிலுள்ள படல்களில் செய்ததுபோலவே, வேலியைக் கடந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கம்பைத் தோளால் நெருக்கி வளையத்தை மாட்டினான். ஜனெல் எப்போதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்வாள், மூடுறா, மூடுறா, கன்னுக்குட்டி ஓடிரும் என்று. அவன் கைகளுக்கு அந்த வேலை தெரியும்.

பிறகு சுட்டார்கள். கோஃபர் அணில் சாதிதான். மரம் ஏறாது, தரையில் வளை தோண்டும். அந்த வாரம்தான் குட்டிகள் முதன்முறையாக வெளியே வரும். அவற்றுக்குப் பயப்படத் தெரியாது. தாயின் பக்கத்தில் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். தாய் விழுந்தால் முகர்ந்து பார்க்கும். அதனால்தான் இந்த வாரம். டெவன் மார்ச்சிலேயே தேதி குறித்து, யார் எந்தச் சரிவு, யார் எந்த வேளைச் சமையல், எத்தனை பெட்டித் தோட்டா, நகரும் கழிப்பறையை யார் இழுத்து வருவது என்று பட்டியல் போட்டது இதற்குத்தான். பட்டியல் போடும்போது அவனுக்குத் தூக்கம் வந்தது. அதற்கு முன் பல மாதம் வந்ததில்லை.

மதியத்துக்குள் வெயில் முப்பத்திரண்டைத் தொட்டது. அந்த ஊர் மே மாதத்துக்கு அது அதிகம். சுடாமல் ஓய்ந்த நேரத்தில் பருந்துகள் இறங்கி எடுத்துப் போயின. பருந்து வராத இடத்தில் செத்ததை மற்றக் கோஃபர்கள் வந்து தின்றன. தின்னும்போது அவற்றைச் சுடுவது எளிது. டார்ஸி அதை விருந்துபசாரம் என்றான். ரெனாட்டோ சுட்ட ஒன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வளைக்கு நகர்ந்தது. அவன் துப்பாக்கியை வைத்துவிட்டு எழுந்து போய்க் காலணிக் குதிகாலால் முடித்துவிட்டு வந்தான்.

"என்னா இது, ஆஸ்பத்திரி நடத்துறியா?" என்றான் டார்ஸி. "விடு, அதுவே போய்ச் சாவும்."

"வலிக்கும்ல, அதான்," என்றான் ரெனாட்டோ. அன்று மாலை எண்ணிக்கையில் கடைசி அவன்தான். கடைசி ஆள் பாத்திரம் கழுவ வேண்டும். ஞாயிறும் கழுவினான்.

ஞாயிறு மாலை மேற்கேயிருந்து மாடுகளின் சத்தம் வந்தது. வழக்கமான அழைப்பு அல்ல. நீண்டு, இடைவெளியில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. ரெனாட்டோ ஈரக் கையோடு நின்று கேட்டான். "அண்ணே, அதுங்க ஏன் இப்படிக் கத்துது?"

"மாடுன்னா கத்தும்."

"எங்க அப்பாகிட்ட எருமை இருந்துச்சு. தண்ணி இல்லாட்டித்தான் இப்படிக் கத்தும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவமா?"

"குட்டை நெறையத் தண்ணி கெடக்கு. நேத்துதான் பாத்தேன்." அது உண்மை. அவன் தண்ணீரைப் பார்த்திருந்தான்.

"நம்ம சத்தத்துல பயந்துபோயிருக்கும்," என்றான் டார்ஸி, பியர் டப்பாவைத் திறந்தபடி. "ரெனி, நீ வேணா போய் ஒரு தாலாட்டுப் பாடிட்டு வா."

திங்கள் பதினொரு மணிக்கு ஆர்விலின் வண்டி முகாமுக்குள் புழுதியோடு வந்து நின்றது. விதை தீர்ந்து, இன்னும் ஏற்றிப்போக வீட்டுக்கு வந்தவர், சத்தம் கேட்டு மேய்ச்சல் பக்கம் திரும்பியிருக்கிறார். அவர் இறங்கவில்லை. "துப்பாக்கிய வெச்சுட்டு எல்லாரும் வாங்க," என்றார். "கையில எதாச்சும் தடி, குழாய் இருந்தா எடுத்துக்கங்க."

தாய்ப்பசுக்கள் மட்டும் தொண்ணூறு. எல்லாம் அந்த ஒரு வேலி மூலையில், படலை ஒட்டி நெருக்கிக்கொண்டு நின்றன. வேலிக்கு அப்பால் நூறு அடியில் குட்டை பளபளத்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்குகள் கறுத்து வெளியே தொங்கின. பக்கத்தில் உப்புக்கட்டி ஒன்று நக்கி நக்கிக் குழிவிழுந்து கிடந்தது. ஏழு பசுக்கள் தரையில். அவற்றில் இரண்டு இன்னும் மூச்சுவிட்டன. மிதிபட்ட கன்றுகளை யாரும் எண்ணவில்லை. ஒரு கன்று செத்த தாயின் மடியை முட்டி முட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

டெவன் படலைப் பார்த்தான். கம்பி வளையத்தைப் பார்த்தான். சனிக்கிழமை விடியல் முழுதாக அவன் கைகளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போகும்போது இறங்கவில்லை. வரும்போது இறங்கினான்.

"இது வருஷம் பூரா தொறந்தே கெடக்குற படல்," என்றார் ஆர்வில். குரல் உயரவில்லை. "யாரு மூடுனது?"

மாடுகள்தான் பேசின. பிறகு டார்ஸி, குற்றம் சொல்வதுபோல்கூட அல்ல, கணக்கைச் சரிபார்ப்பதுபோல், "படல் வேலையெல்லாம் ரெனிதான பாத்தான்," என்றான். பத்துத் தலையும் திரும்பியது.

ரெனாட்டோ நோட்டை எடுத்தான். பக்கங்களைப் புரட்டினான். அதில் விதிகள்தான் இருந்தன. எந்தப் படலைத் திறந்தான், எதை மூடினான் என்று அவன் எழுதி வைத்திருக்கவில்லை. மூன்று நாளில் முப்பது தடவையாவது இறங்கி ஏறியிருப்பான். எல்லாப் படலும் ஒரே மாதிரி. "நான் இந்தப் பக்கம் வந்த மாதிரியே இல்ல," என்றான். பிறகு சந்தேகத்தோடு டெவனைப் பார்த்தான். "வந்தமா, அண்ணே?"

டெவனுக்கு நேரம் இருந்தது. பிறகு எப்போது நினைத்தாலும் அந்த நேரம் அவனுக்கு நீளமாகவே தெரியும். ஆர்வில் அவனைப் பார்க்கவில்லை, குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குன்று போய்விடும்.

"எனக்கு ஞாபகமில்ல," என்றான்.

ரெனாட்டோ மெல்லத் தலையாட்டினான். "அப்போ நான்தான் மூடியிருப்பேன்," என்றான். "மன்னிச்சிருங்க ஐயா. தெரியாம பண்ணிட்டேன்."

ஆர்வில் அவனை முதன்முறையாக முழுதாகப் பார்த்தார். "இந்த வேல முடிஞ்சதும் கெளம்பு. ஒன்ன இனி இந்த வேலிக்குள்ள பாக்கக்கூடாது." பிறகு டெவனிடம், "நீ கடைசிவரைக்கும் இரு. தேறாதத நாமதான் சுடணும்," என்றார். தோளில் கை வைத்தார். ஜனெலின் சாவுக்குப் பிறகு அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வேலை என்னவென்று அவர் சுருக்கமாகச் சொன்னார். ரெண்டு நாள் காய்ந்த மாடு வயிறு முட்டக் குடித்தால் தண்ணீரே கொன்றுவிடும். நடுங்கி விழுந்து செத்துப்போகும். ஆகவே பத்துப் பத்தாக விட வேண்டும். முப்பது எண்ணும்வரை குடிக்கலாம். பிறகு அடித்து விரட்டி, மறுபக்கம் ஒதுக்கி, அரைமணி கழித்து மறுபடி. "இரக்கப்பட்டா செத்துரும். நல்லா ஓங்கி அடிங்க. மூக்குமேல அடிங்க."

தண்ணீருக்குள் இறங்கி எண்ண ஓர் ஆள் வேண்டியிருந்தது. குட்டையின் சேறு ஆளை இழுக்கும். ஐந்நூறு கிலோ மாடு முட்டும். யாரும் முன்வரவில்லை. ரெனாட்டோ காலணியைக் கழற்றினான். நோட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காலணிக்குள் வைத்தான். இடுப்பளவில் போய் நின்று, கைகளை அகல விரித்துக்கொண்டான்.

"வேற நேரமா இருந்தா நல்லா சிரிச்சிருப்பேன்," என்றான் டார்ஸி, கரையில் வேலிக்கம்பைப் பிடித்தபடி. அவன் முகம் வெளுத்திருந்தது. "பாதிரியார் ஞானஸ்நானம் குடுக்க நிக்கிற மாதிரியே இருக்கான்."

டெவனுக்குக் கிடைத்தது கூடாரத்தின் இரும்புக் குழாய். முதல் பத்தும் வந்தன. ஓடி வரவில்லை; ஓட முடியவில்லை. முழங்கால் மடிந்து, சேற்றில் சரிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்தன. ரெனாட்டோ உரக்க எண்ணினான், தன் மொழியில். இடையிடையே, நீரை எட்ட முடியாத ஒரு கன்றின் வாயில் கையால் அள்ளி ஊற்றினான். அவன் எண்ணுவது எந்த எண்ணென்று யாருக்கும் தெரியவில்லை. அவன் கையை உயர்த்தும்போது முப்பது என்று பேசி வைத்திருந்தார்கள்.

டெவன் அவனுக்கு நேர் எதிரே நின்றான். இடையில் ஒரு சிவப்புப் பசு. அதன் தொண்டையில் மடக்கு மடக்காக நீர் இறங்குவது தோலுக்கு வெளியே தெரிந்தது. "ரெனாட்டோ," என்றான். என்ன சொல்லக் கூப்பிட்டான் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

"எண்ணிக்கிட்டிருக்கேன், அண்ணே," என்றான் ரெனாட்டோ. "கொழப்பிறாதீங்க." இன்னும் ஐந்தாறு சொன்னான். கையை உயர்த்தினான்.

கரையெங்கும் அடி விழும் சத்தம் கேட்டது. டெவன் குழாயை ஓங்கி மூக்கெலும்பின் மேல் இறக்கினான். மணிக்கட்டுவரை அதிர்ந்தது. மறுபடியும் இறக்கினான். தோல் பிளந்தது, சிவப்பு ஒரு நூலாக நீரில் இறங்கிக் கலைந்தது. பசு கண்ணை மட்டும் அவன் பக்கம் உருட்டியது. முகத்தை எடுக்கவில்லை. அடியை வாங்கிக்கொண்டே குடித்தது.