ரிட்டர்ன் பைப்பை எங்கே வைப்பது?

1

இந்தக் கதை ஒரு தவறான சொல்லில் பிறந்தது; தவறு என்னுடையது. பாபநாசத்தில் பட்டறை வைத்திருக்கும் கயல்விழி, பஞ்சநதத்தின் அறுவடை இயந்திரத்துக்கு டீசல் டேங்க் செய்து கொடுத்த கதை இது. டேங்கில் ஒரு குழாய் டீசலை எஞ்சினுக்கு உறிஞ்சும். இன்னொன்று மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவரும். முதலாவதை வாய்க்கால் என்றும் இரண்டாவதை வடிகால் என்றும் எழுதிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசித்துக் காட்டினேன். கயல்விழி சிரிக்கவில்லை.

“வடிகால்ல போன தண்ணி அந்த வயலுக்குத் திரும்பாதுங்க. இது திரும்பி வரும். சூடா, நுரையோட வரும். தொல்லையே அதுதான்.”

2

முதல் தொடக்கம்: ‘தீப்பொறிகள் மத்தாப்பாய்ச் சிதற, அந்தப் பெண்...’ (வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: என் பிழையை அவளும் செய்திருந்தாள்.* வடிகால் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற பழக்கத்தில், திரும்பும் குழாயை அடிமட்டத்தில், உறிஞ்சும் குழாயின் பக்கத்திலேயே இறக்கிவிட்டாள். டீசல் குறைந்ததும் எஞ்சின் நுரையை உறிஞ்சி நடுவயலில் நின்றது.

சம்பா முற்றிக் கிடந்தது, கிழக்கே மேகம். நாளைக்குள் சரியாகாவிட்டால் தஞ்சாவூரில் ரெடிமேட் டேங்க் வாங்கிக்கொள்வதாகப் பஞ்சநதம் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் டேங்கின் மூலையில் வெல்டிங்கிலேயே தன் பெயரை எழுதியிருந்தாள் கயல்விழி. டேங்க் பழைய இரும்புக்குப் போனால் பெயரும் போகும்.

* இதை எழுத அவளே அனுமதித்தாள்.

3

அவள் அழுதாள் என்று எழுதினேன். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். “நான் எங்க அழுதேன்? கழட்டிப் பாத்தேன்.”

கழற்றினாள். திரும்பும் குழாயை அறுத்து டேங்கின் மறுகோடிக்குக் கொண்டுபோனாள். இரண்டு குழாய்க்கும் நடுவே, நுரை தாண்டாமலிருக்க, ஓட்டைகள் போட்ட தடுப்புத் தகடு. உறிஞ்சும் குழாயின் நுனியைச் சாய்வாகச் சீவி, அடிக்கசடு ஏறாதபடி ஒரு விரற்கடை உயர்த்தினாள். கசிவு பார்க்க, ஒட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே காற்றடித்தாள். ஒரு குமிழி இல்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை. நான் செய்ததென்னவோ டீ வாங்கி வந்ததுதான்.

4

மறுநாள் காலை, கால் டேங்க் டீசல். வயல் மூலையில் இயந்திரம் திரும்பும்போது டீசல் ஒரு பக்கமாகச் சாயும். நிற்பதென்றால் அங்கேதான் நிற்கும். பஞ்சநதம் பயந்துபோய் கேனை எடுத்தார்.

“ஊத்தாதீங்கண்ணே. இப்படியே திருப்புங்க.”

திருப்பினார்.

முடிவு அ: ஓடியது, பஞ்சநதம் கைகூப்பினார். முடிவு ஆ: நின்றது. இரண்டு தாளையும் கயல்விழியிடம் நீட்டினேன். மடித்து என் பையிலேயே வைத்தாள்.

“ஓடுச்சுன்னு நீங்க எழுதினா கதைம்பாங்க. படிக்கிறவங்கள பாபநாசத்துக்கு வரச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட சாவி வாங்கித் தர்றேன். கால் டேங்குக்கு மேல ஒரு சொட்டு ஊத்தமாட்டேன். அவங்களே திருப்பிப் பாக்கட்டும்.”